மாமூத் வரைவது எப்படி: எலும்பிலிருந்து ரோமம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யானை நன்றாக வரையத் தெரிந்தவரிடம், பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன மாமூத்தை வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கும். முதலில் தாளில் ஒரு யானை வரும். அப்புறம் தந்தம் நீண்டு வளையும். கடைசியில் உடம்பெல்லாம் முடி முளைக்கும். நானும் சில வருடங்கள் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் நான் வரைந்ததெல்லாம் கம்பளி போர்த்திய யானைகள் என்பது, ஒரு மாமூத் எலும்புக்கூட்டின் பக்கவாட்டுப் படத்தை ஸ்கேல் வைத்து அளந்த அன்றுதான் புரிந்தது. முதுகு வேறு, தலை வேறு, தந்தம் புறப்படும் திசையே வேறு.

இங்கே கம்பளி மாமூத் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எலும்பில் தொடங்கி ரோமம் வரை வரையப் போகிறோம். அழிந்துபோன பாலூட்டிகளில் நமக்கு மிக நன்றாகத் தெரிந்தவற்றில் இது முதல் வரிசையில் நிற்கிறது. சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து தோல், முடி, தும்பிக்கை எல்லாமே கிடைத்திருக்கின்றன. அதை உயிரோடு பார்த்த பனியுகத்து மனிதர்கள் வரைந்த படங்களும் இருக்கின்றன. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானைதான். ஆப்பிரிக்க யானைகூட அடுத்தபடிதான். ஆக, கோயில் வாசலிலோ தெப்பக்காடு முகாமிலோ நாம் பார்க்கும் யானை சரியான முன்மாதிரிதான். எதை அதனிடமிருந்து எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒரு பழைய படம்

1799-இல் சைபீரியாவில் லேனா ஆறு கடலில் கலக்கும் பகுதியில் ஓசிப் ஷுமாகோவ் என்ற எவென்கி பழங்குடி வேட்டைக்காரர் பனியில் உறைந்த ஒரு மாமூத்தைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து அதன் தந்தங்களை வாங்கிய ரோமன் போல்டுனோவ் என்ற வியாபாரி அதற்கு ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்தில் தும்பிக்கை கிடையாது. பன்றியைப் போன்ற முகம், பக்கவாட்டில் விரிந்த தந்தங்கள். அவர் பொய்யாக எதையும் வரையவில்லை. தும்பிக்கையை அதற்குள் விலங்குகள் தின்றுவிட்டிருந்தன.

1806-இல் மிகைல் ஆடம்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அங்கே போய் எலும்புக்கூட்டைச் சேகரித்து சென்ட் பீட்டர்ஸ்பர்குக்குக் கொண்டுவந்தார். அங்கே எலும்புகளைப் பூட்டி நிறுத்தியபோது இடது தந்தமும் வலது தந்தமும் இடம் மாறிவிட்டன. அதனால் தந்த முனைகள் வெளிப்பக்கம் விரிந்து நின்றன. அதைப் பார்த்து வரைந்தவர்களின் படங்களிலும் அந்தத் தவறு தொடர்ந்தது.

இந்த இரண்டு தவறையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, காணாமல்போன உறுப்பு இல்லவே இல்லை என்று நினைத்தது. இரண்டாவது, பார்த்து வரைந்த மாதிரியே தவறாக இருந்தது. தாள் முன் உட்கார்ந்ததும் நம் கையும் இந்த இரண்டு பக்கமும்தான் நழுவும்.

சாமான்களும் அளவும்

ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், எச்பி, 2பி, 6பி பென்சில்கள், பிசையும் ரப்பர், டிரேசிங் தாள் நான்கைந்து, ஸ்கேல், ஒரு முழம் தையல் நூல். நூல் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

முழு எலும்புக்கூடு ஒன்றின் பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றும் வேண்டும். தூரத்தில் நின்று எடுத்த படமாகப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் தலைக்குப் பக்கத்தில் நின்று மொபைலில் எடுத்த படங்களில் தலை பெருத்து, இடுப்பு சுருங்கித் தெரியும். அதை அளந்தால் எல்லாக் கணக்கும் கெட்டுப்போகும்.

வளர்ந்த ஆண் மாமூத்தின் தோள் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். அதாவது நம் யானை அளவுதான். மலைபோல வரைய வேண்டியதில்லை. தாளில் அதை 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது தாளில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 20 செ.மீ. இனி வரும் எல்லா அளவும் இந்தக் கணக்கில்தான். பக்கத்தில் 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது 160 செ.மீ. உயரமுள்ள ஒரு மனிதர். கடைசியில் அழித்துவிடலாம். ஆனால் வரையும் நேரம் முழுக்க அவர் அங்கே நிற்கட்டும்.

படி 1: முதுகுக் கோடு

15-க்கு 15 செ.மீ. சதுரம் ஒன்றை எச்பி பென்சிலால் லேசாகப் போடுங்கள். மேல் விளிம்பு தோள் உயரம், கீழ் விளிம்பு தரை. மார்பிலிருந்து பின்புறம் வரை உடம்பு ஏறக்குறைய இதற்குள் அடங்கும். உங்கள் எலும்புக்கூட்டுப் படத்தோடு ஒப்பிட்டு நீளத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே வயிற்றுக் கோடு.

அடுத்ததுதான் இந்தப் படத்திலேயே முக்கியமான கோடு. ஆசிய யானையின் முதுகு வில்போல நடுவில் உயர்ந்திருக்கும். மாமூத்துக்கு அப்படி இல்லை. தோளுக்கு மேலே முதுகெலும்பின் முட்கள் நீண்டு ஒரு திமில்போல எழும்பும். அங்கிருந்து இடுப்பை நோக்கி முதுகு சரிந்துகொண்டே போகும். தலைக்கும் அந்தத் திமிலுக்கும் நடுவே, பிடரியில், ஒரு ஆழமான பள்ளம் விழும். ஒரு பாகன் மாமூத்தின் கழுத்தில் உட்கார்ந்தால் அந்தப் பள்ளத்துக்குள் இடுப்பு வரை புதைந்துபோவார் என்று கற்பனை செய்து பாருங்கள். கோடு தானாக வந்துவிடும்.

மேடு, பள்ளம், மேடு, சரிவு. பிரான்சின் ரூஃபின்யாக் குகையில் 150-க்கும் மேற்பட்ட மாமூத் படங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, கண்ணும் தும்பிக்கையும் சேர்த்துச் சில கோடுகளில் முடிந்தவை. இருந்தும் மாமூத் என்று உடனே தெரிகிறது. காரணம் இந்த முதுகுக் கோடு. அசல் விலங்கைப் பார்த்தவர்கள் எதை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தார்களோ அதையே நாமும் முதலில் வரைகிறோம். டிரேசிங் தாளில் இந்தக் கோட்டை மட்டும் இருபது தடவை போட்டுப் பாருங்கள். கை பழகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: தலை

ஆசிய யானைக்கு நெற்றியில் இரண்டு மேடுகள் தெரியும். அதைத்தான் மத்தகம் என்கிறோம். மாமூத்துக்கு அந்த இரட்டை மேடு கிடையாது. தலையுச்சி ஒரே குமிழாக, உயரமாக எழும்பும். பக்கத்திலிருந்து பார்த்தால் தலை முன்னும் பின்னும் ஒடுங்கி, மேலும் கீழும் நீண்டிருக்கும். யானைத் தலையின் நினைவில் வரைந்தால் இங்கே கை கட்டாயம் தவறு செய்யும்.

இன்னொரு தவறு தும்பிக்கையின் வேர். பலரும் அதை வாய்க்கு மேலே ஒட்டவைப்பார்கள். மண்டையோட்டைப் பாருங்கள்: முகத்தின் நடுவில், உயரத்தில், ஒரு பெரிய துளை இருக்கும். அதுதான் மூக்குத் துவாரம். தும்பிக்கை அங்கிருந்து, கண் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கோயில் யானையிடம். ஒரு காலை முழுக்க அதற்கு எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழம் வாங்க அது தும்பிக்கையைத் தூக்கும்போதெல்லாம், வாய்ப் பக்கம் அல்ல, இரண்டு கண்ணுக்கும் நடுவே இருந்த தோல்தான் முதலில் சுருங்கியது. பழம் வாய்க்குள் போனதும் கண்ணுக்கு மேலே, காதுப் பக்கமாக இருந்த பள்ளம் மெல்லும் தாளத்துக்கு ஏறி ஏறி இறங்கியது. தாடைத் தசை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை மாமூத்துக்கும் போடுங்கள், முடி மூடினாலும் நிழலாகத் தெரியட்டும். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் உயிருள்ள யானைதான் வாத்தியார்.

கண் சிறியது. பெரிதாக்கினால் பாசமாகத் தெரியும், ஆனால் விலங்கு குட்டியாகிவிடும்.

படி 3: தந்தம்

இப்போது நூலை எடுங்கள். ஆண் மாமூத்தின் தந்தம் வளைவோடு அளந்தால் சாதாரணமாக 2.4 மீட்டர் இருக்கும். 4 மீட்டரைத் தாண்டியவையும் கிடைத்திருக்கின்றன. நம் கணக்கில் 2.4 மீட்டர் என்பது 12 செ.மீ. ஆனால் தந்தத்தின் கால் பங்கு மண்டையோட்டுக் குழிக்குள் மறைந்திருக்கும். மிச்சம் 9 செ.மீ. தான் வெளியே தெரியும். 9 செ.மீ. நூலை வெட்டி, தந்தம் வெளிவரும் இடத்தில் ஒரு முனையை வைத்து, வளைவின்படி தாளில் படுக்கவையுங்கள். கண்ணளவில் போட்டால் எல்லோருக்குமே தந்தம் நீண்டுவிடும்.

வளைவு எப்படி? இரண்டு குழிகளும் தும்பிக்கையின் இரு பக்கமும் நெருக்கமாக, கீழ்நோக்கி இறங்குகின்றன. தந்தம் முதலில் கீழேயும் வெளிப்பக்கமும் போகும். அப்புறம் முன்னால் வந்து மேலே எழும்பி, முனை உள்பக்கம் திரும்பும். இடது தந்தமும் வலது தந்தமும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக முறுக்கியிருக்கும். பழைய மின்கம்பியில் இரண்டு துண்டு எடுத்து இப்படி வளைத்து, ஒரு களிமண் உருண்டையில் குத்திவைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது முனை எங்கே மறைகிறது, முன்னாலிருந்து பார்க்கும்போது எங்கே குறுகித் தெரிகிறது என்பதை எந்தப் புகைப்படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. சென்ட் பீட்டர்ஸ்பர்க் எலும்புக்கூட்டில் நடந்த தந்த இடமாற்றம் எப்படித் தெரியும் என்பதையும் கம்பிகளை மாற்றிக் குத்திப் பார்த்துவிடலாம்.

பெண் மாமூத்துக்கும் தந்தம் உண்டு. நம் ஊரில் கொம்பன் என்றால் ஆண், தந்தமில்லாத ஆண் மக்னா, பெண்ணுக்கு வெளியே தெரியும் தந்தம் கிடையாது என்றுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கூட்டத்தின் பெண்களைத் தந்தமில்லாமல் வரைந்துவிடாதீர்கள். அவற்றின் தந்தம் மெலிந்தது, குட்டையானது, வளைவும் குறைவு.

படி 4: கால்கள்

இங்கே பெரும்பாலும் நம் யானையை அப்படியே பின்பற்றலாம். தூண்போன்ற கால். பின்காலின் முழங்கால் நம் முழங்கால்போலவே முன்னோக்கி மடங்கும். கணுக்கால் தரைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். நாய்க்கும் மாட்டுக்கும் பின்காலில் உயரத்தில் ஒரு மடிப்பு பின்னோக்கித் தெரியுமே, அதை இங்கே கொண்டுவரக் கூடாது. விரல்களுக்குப் பின்னால் ஒரு கொழுப்பு மெத்தை இருப்பதால்தான் பாதம் வட்டமாகத் தெரிகிறது.

யானை வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: முன்பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம். மாமூத்துக்கும் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். 3 மீட்டர் உயரத்துக்குச் சுற்றளவு 1.5 மீட்டர், குறுக்களவு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாளில் கிட்டத்தட்ட 2.4 செ.மீ. முன்பாதம் வட்டம், பின்பாதம் கொஞ்சம் நீள்வட்டம். நடக்கும் மாமூத் என்றால், யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

படி 5: காது, வால், தும்பிக்கை நுனி

குளிரில் முதலில் உறைவது உடம்பின் ஓரங்கள்தான். அதனால் மாமூத்துக்கு ஓரங்கள் எல்லாமே சிறுத்துவிட்டன. காது ஒரு அடி நீளம்தான் இருக்கும். தாளில் ஒன்றரை செ.மீ. போட்டுப் பார்க்கும்போது நம்பவே தோன்றாது, ரப்பரை எடுத்துப் பெரிதாக்கச் சொல்லும். விட்டுவிடுங்கள். வாலும் குட்டை, ஆனால் நுனியில் நீண்ட முடி உண்டு. வாலுக்கடியில் பின்துளையை மூடும் ஒரு தோல் மடிப்பு இருந்தது. குகை ஓவியர்கள் சிலர் அதைக்கூடப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் ஒரு விரல்போன்ற நீட்சி மேல்பக்கம் இருக்கும். மாமூத்துக்கு மேலே நீண்ட விரல், கீழே அகலமான மடல். குட்டைப் புல்லைக் கொத்தாகப் பிடித்துப் பறிக்கும் கை அது. இதையெல்லாம் ஊகத்தில் சொல்லவில்லை. உறைமண்ணில் கிடைத்த உடல்களிலேயே பார்க்கலாம். 2007-இல் யமால் தீபகற்பத்தில் கிடைத்த லியூபா என்ற பெண்குட்டி ஏறக்குறைய 42,000 ஆண்டுகள் பழையது. இறக்கும்போது அதற்கு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உயரம் 85 செ.மீ. நம் தாளில் நாலே கால் செ.மீ. தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டியை வரைய ஆசைப்பட்டால் இந்த அளவில் வரையுங்கள்.

படி 6: ரோமம்

இதுவரை வரைந்ததன்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து அதில்தான் ரோமத்தை முயல வேண்டும். அடியிலிருக்கும் உடம்பு சரியாக இருந்தால்தான் ரோமமும் சரியாக விழும்.

இரண்டு அடுக்கு. உள்ளே 8 செ.மீ. வரை நீளமுள்ள சுருண்ட, அடர்ந்த கம்பளி. வெளியே முரட்டு முடி: முதுகுப் பக்கம் 30 செ.மீ., விலாவிலும் அடிவயிற்றிலும் 90 செ.மீ. வரை. தாளில் முதுகு முடி ஒன்றரை செ.மீ., விலா முடி நாலரை செ.மீ. பாதத்துப் பக்கம் முக்கால் செ.மீ. போதும். இந்த வித்தியாசத்தை மட்டும் கவனித்தாலே, விலாவின் கீழே பாவாடைபோலத் தொங்கும் அந்த உருவம் வந்துவிடும். உடம்பெங்கும் ஒரே நீளத்தில் கோடு போடுவதுதான் பொம்மைத்தனத்துக்குக் காரணம்.

முடியை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். தேங்காய் நாரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தனித்தனி நாராகத் தெரியாது, கற்றை கற்றையாகத் தெரியும். கற்றைக்கும் கற்றைக்கும் நடுவே இருக்கும் இருட்டைத்தான் 6பி-யால் போட வேண்டும். முனைகளில் மட்டும் நாலைந்து மெல்லிய கோடுகள். தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் உடம்பு திரும்பும் இடங்களில் கற்றைகள் பிரியும், அங்கே அடர்த்தியைக் கூட்டுங்கள். பிசையும் ரப்பரைக் கூராக்கி வெளிச்சம் படும் பக்கம் சில கற்றைகளைத் தூக்கிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவுசெய்து ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டால் பாதியில் குழப்பம் வராது.

நிறமும் நிலமும்

அருங்காட்சியகங்களில் இருக்கும் மாமூத் முடி செம்பட்டையாக இருக்கும். அதைப் பார்த்து ஆரஞ்சு நிறத்தில் மாமூத் வரைந்தவர்கள் நிறைய. ஆயிரக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்து நிறம் போனதும் அந்தச் செம்மைக்கு ஒரு காரணம். கரும்பழுப்பில் தொடங்கி வெளிறிய முடிவரை கிடைத்திருக்கிறது. நான் கரும்பழுப்பை அடியில் பூசி, மேலே சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த கற்றைகளைச் சேர்க்கிறேன்.

பின்னணியில் முழங்கால் அளவு பனி வேண்டாம். மாமூத் வாழ்ந்தது குளிர்ந்த, வறண்ட புல்வெளி. அவ்வளவு பெரிய உடம்பு தின்னப் புல்லும் பூண்டும் வேண்டுமே. காய்ந்த புல், தூசி, திட்டுத் திட்டாக மெல்லிய பனி, தூரத்தில் காட்டெருமையோ குதிரைக் கூட்டமோ. அது போதும்.

இதே முறையில் மற்ற விலங்குகள்

ஸ்மைலோடானை வாள்பல் புலி என்கிறோம். அது புலியின் கிளையில் வந்ததே அல்ல. புலி உடம்பில் கோரைப்பல்லை மாட்டினால் வாலிலேயே தவறிவிடும், ஏனென்றால் அதற்கு வால் குட்டை. முன்னங்கால்களும் தோளும் தடித்தவை. அதன் உறவான ஹோமோதீரியத்தின் குட்டி ஒன்று சைபீரியாவின் யாகூதியா பகுதியின் உறைமண்ணில் கிடைத்து, 2024-இல் ஆய்வாளர்கள் அதை விவரித்து வெளியிட்டார்கள். மூன்று வாரக் குட்டி. கரும்பழுப்பு ரோமம், சிறிய காது, அதே வயது சிங்கக்குட்டியைவிடத் தடித்த கழுத்து. வாள்பல் பூனை வரைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டைமெட்ரோடான் வரைய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வரி: முதுகில் பாய் விரித்த அந்த விலங்கு டைனோசர் அல்ல, பாலூட்டிகளின் பக்கத்து உறவு. அதற்காக முடி வைத்துவிட வேண்டாம். முடி இருந்ததற்குச் சான்று இல்லை.

கடைசியாக, எலும்பு மட்டுமே மிஞ்சிய ஒரு இந்திய விலங்கு. 1836-இல் ஹியூ பால்கனரும் ப்ரோபி காட்லியும் சிவாலிக் மலைகளில் கிடைத்த ஒரு பெரிய மண்டையோட்டுக்குச் சிவனின் பெயரால் சிவதீரியம் என்று பெயர் வைத்தார்கள். அது ஒட்டகச்சிவிங்கியின் உறவு. ஆனால் கழுத்து குட்டை, உடம்பு பருமன். 2016-இல் எலும்புகளை வைத்துக் கணினியில் கணக்கிட்டபோது எடை ஏறக்குறைய 1,250 கிலோ வந்தது. கண்ணுக்கு மேலே இரண்டு சிறிய கொம்புகள், தலையின் பின்பக்கம் கைவிரித்ததுபோல இரண்டு பெரிய கொம்புகள். மூக்கின் எலும்பைப் பார்த்துச் சிலர் அதற்குக் குட்டையான ஒரு தும்பிக்கையே வரைந்திருக்கிறார்கள். தோலோ முடியோ கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட விலங்குக்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது. எலும்பும் தசையும் வரைக்கும் கார்ட்ரிட்ஜ் தாளில் மையால் முடித்துவிடுவேன். அதன்மேல் இரண்டு டிரேசிங் தாள்கள். ஒன்றில், இன்றும் வாழும் ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபியைப்போல வழவழப்பான தோல், காலில் கோடுகள், கொம்பின்மேல் தோல் போர்த்திய தோற்றம். இன்னொன்றில் கழுத்தில் கனத்த முடி, தடித்த மேலுதடு, வேறு நிறம். இரண்டையும் ஒரே உடம்பின்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். யாருக்காவது படத்தைக் கொடுக்கும்போது மூன்று தாளையும் சேர்த்தே கொடுப்பேன். எது எலும்பு சொன்னது, எது நான் சேர்த்தது என்று ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலால் எழுதியிருக்கும்.